ஆசிரியர் செய்த குற்றத்துக்கு அரசு எப்படிப் பொறுப்பாகும்?

உங்கள் கேள்வியை என் சொற்களில் திருப்பிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். உங்கள் அக்கா மகள் படிக்கும் அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியர் ஒருவர், அவளிடம் அத்துமீறியதாக, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் கைதாகியிருக்கிறார். அவரைப் பற்றி இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே வேறொரு மாணவியின் தாய் தலைமையாசிரியரிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். நிர்வாகம் அதைப் பேசி முடித்துவிட்டது. இப்போது கல்வித்துறையில் விசாரித்தால், குற்றம் செய்தவர் சிறையில் இருக்கிறார், பள்ளியை நடத்துவது தனியார் நிர்வாகம், இதில் அரசுக்கு என்ன பங்கு என்று கேட்கிறார்களாம். இந்தப் பதில் சட்டப்படி சரிதானா என்பது உங்கள் கேள்வி. பள்ளியின் பெயரை எழுதாமல் விட்டது நல்லது. குழந்தையை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை, பள்ளியின் பெயர் உட்பட, ஊடகங்களில் வெளியிடுவதைப் போக்சோ சட்டத்தின் 23-வது பிரிவு தடை செய்கிறது.

சரியில்லை என்பதே என் பதில். குற்றவாளியைத் தண்டிப்பது அரசின் கடமையில் ஒரு பாதிதான். ஆபத்து இருக்கிறது என்ற தகவல் அதிகாரத்தில் உள்ள ஒருவரின் காதுக்கு எட்டிய நாளில் என்ன நடந்தது, எட்டவே இல்லை என்றால் எட்டுவதற்கு வழி ஏதாவது வைக்கப்பட்டிருந்ததா என்பது மறுபாதி. உங்கள் விஷயத்தில் இந்த மறுபாதியைப் பற்றி யாருமே பேசவில்லை.

தனியார் ஒருவர் இழைக்கும் கொடுமையிலிருந்து குழந்தையைக் காப்பது அரசின் சட்டக் கடமையா என்ற கேள்விக்கு எல்லா நாட்டு நீதிமன்றங்களும் ஒரே பதில் சொல்லிவிடவில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் இல்லை என்றது. விஸ்கான்சின் மாநிலத்தில் பெற்றோரின் மணமுறிவுக்குப் பின் தந்தையிடம் வளர்ந்த ஒரு சிறுவன், 1983 ஜனவரியில் காயங்களோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டான். வின்னபேகோ மாவட்டச் சமூக சேவைத் துறை சில நாள் அவனைப் பாதுகாப்பில் வைத்திருந்துவிட்டு மீண்டும் தந்தையிடமே அனுப்பியது. பிறகு மாதந்தோறும் அந்த வீட்டுக்குப் போய்வந்த அலுவலர், அவன் தலையில் கண்ட காயங்களைக் கோப்பில் ஒழுங்காகக் குறித்துவைத்தார், குறித்துவைத்ததோடு சரி. 1984 மார்ச்சில், நான்கு வயதில், அவன் மூளை நிரந்தரமாகச் சிதையும் அளவுக்கு அடிக்கப்பட்டான். அச்சிறுவனின் குடும்பப் பெயரால் டிஷேனி வழக்கு எனப்படும் இதில், 1989 பிப்ரவரி 22 அன்று வெளியான தீர்ப்பில், அடித்தது தந்தையே தவிர அரசு அல்ல என்று சொல்லி, ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் வழக்கு தள்ளுபடியானது. என்றாவது ஒரு நாள் தொலைபேசி ஒலித்து, பையன் இறந்துவிட்டான் என்ற செய்தி வரும் என்று தனக்குத் தெரிந்தே இருந்ததாக அந்த அலுவலர் பிற்பாடு சொன்னதும் அத்தீர்ப்பின் மாறுபட்ட கருத்தில் பதிவாகியிருக்கிறது. தெரிந்திருந்தும் கடமை இல்லை என்று முடித்த தீர்ப்பு அது. அதை நான் ஏற்கவில்லை. அன்று மாறுபட்ட மூன்று நீதிபதிகளும் ஏற்கவில்லை.

ஐரோப்பாவில் சட்டம் வேறு பக்கம் திரும்பியது. இங்கிலாந்தில் ஒரே வீட்டின் நான்கு குழந்தைகள் பட்டினியும் அழுக்குமாகக் கிடப்பதாக 1987-லிருந்தே உள்ளாட்சி அமைப்புக்குத் தகவல் போய்க்கொண்டிருந்தது. அவர்கள் அங்கிருந்து மீட்கப்பட்டதோ 1992-ல். உள்ளாட்சி மீது இழப்பீட்டு வழக்குப் போட முடியாது என்று அன்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 1995-ல் சொன்னது. ஸ்ட்ராஸ்பர்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2001 மே மாதம் அதற்கு எதிர்த்திசையில் போனது. கொடுமை நடப்பதை அறிந்திருந்தும், அல்லது அறிந்திருக்க வேண்டிய நிலையில் இருந்தும், தடுப்பதற்கு நியாயமாகச் செய்யக்கூடியதை அரசு செய்யாவிட்டால், மனிதத்தன்மையற்ற நடத்தைக்கு எதிரான உரிமையை அந்த அரசே மீறியதாகும் என்றது.

உங்கள் பள்ளிக்கு மிக நெருக்கமாக வரும் வழக்கு அயர்லாந்தினுடையது. அங்கே தொடக்கப் பள்ளிகளுக்குப் பணம் தருவதும் பாடத்திட்டம் வகுப்பதும் ஆய்வாளரை அனுப்புவதும் அரசு. நிர்வாகம் மட்டும் தேவாலயத்தின் கையில். நம்முடைய உதவி பெறும் பள்ளி முறைக்கு ஒன்றுவிட்ட சகோதரன் என்றே சொல்லலாம். கார்க் மாவட்டத்தின் டண்டெரோ ஊர்ப் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்தவர் 1973-ல் லூயிஸ் ஓ'கீஃப் என்ற சிறுமியிடம் அத்துமீறினார். அதே ஆளைப் பற்றி 1971-லேயே ஒரு பெற்றோர் நிர்வாகியான பாதிரியாரிடம் சொல்லியிருந்தார். பாதிரியார் அதைக் கல்வித்துறைக்கும் சொல்லவில்லை, காவல்துறைக்கும் சொல்லவில்லை. புகார்கள் பெருகியபோது அந்த ஆசிரியர் வேலையை விட்டு விலகி வேறொரு பள்ளியில் சேர்ந்தார். 1995-ல் ஓய்வு பெறும் வரை பாடம் நடத்தினார். இந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் நம் ஊர் இடமாறுதல் உத்தரவுகள் என் நினைவுக்கு வரும்.

ஓ'கீஃப் வளர்ந்த பின் அரசு மீது வழக்குத் தொடுத்தார். ஆசிரியரை நியமித்தது நிர்வாகம், ஆகவே நாங்கள் பொறுப்பல்ல என்று அரசு வாதிட, அயர்லாந்து உச்ச நீதிமன்றமும் 2008-ல் அதையே ஏற்றது. ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றத்தின் பேரமர்வு 2014 ஜனவரி 28 அன்று பதினொன்றுக்கு ஆறு என்ற கணக்கில் அதை மாற்றிச் சொன்னது. சிறுவர் மீதான பாலியல் குற்றங்கள் நடக்கின்றன என்பது வழக்குப் பதிவுகளிலிருந்தே அரசுக்குத் தெரியும்; அப்படியிருந்தும் குழந்தைகளின் படிப்பை முழுவதுமாக நிர்வாகங்களிடம் ஒப்படைத்துவிட்டு, நிர்வாகியைத் தாண்டி ஒரு பெற்றோர் அரசிடம் நேரே முறையிட வழியே வைக்கவில்லை; அதுதான் மீறல் என்றது. எல்லாப் புகாரும் நிர்வாகி என்ற ஒரே வாசலில் போய் நின்றது, அந்த வாசல் சாத்தப்பட்டதும் விஷயம் அங்கேயே அடங்கிவிட்டது என்பதுதான் அத்தீர்ப்பின் உட்கரு. பள்ளி நடத்தும் வேலையை அரசு பிறரிடம் ஒப்படைக்கலாம், குழந்தையைக் காக்கும் கடமையை அப்படி ஒப்படைத்துவிட முடியாது.

இந்தத் தீர்ப்புகள் எவையும் இந்திய நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தா. இருந்தும் இவற்றைச் சொல்வதற்குக் காரணம், அங்கே நீதிபதிகள் விளக்கத்தின் வழியாகக் கொண்டுவந்த கடமையை நம் நாடாளுமன்றம் பிரிவு பிரிவாக எழுதியே வைத்துவிட்டது என்பதுதான். குழந்தைகளுக்கெனத் தனிச் சட்டம் செய்ய அரசமைப்பின் 15(3) இடம் தருகிறது. குழந்தைப் பருவம் சுரண்டலுக்கு ஆளாகாமல் காக்க 39-வது பிரிவின் (உ), (ஊ) உட்பிரிவுகள் என்று எண்ணிக்கொண்டு போவதைவிட, அந்த நெறிமுறைகள் 21-வது பிரிவின் வாழ்வுரிமையோடு சேர்த்தே படிக்கப்படுகின்றன என்று சொன்னால் போதும். குழந்தை உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை 1992 டிசம்பரில் இந்தியா ஏற்றது. அதன் 19-வது பிரிவு, பெற்றோரோ பொறுப்பாளரோ இழைக்கும் வன்முறையிலிருந்தும் குழந்தையைக் காக்க அரசைக் கட்டாயப்படுத்துகிறது. 2012 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்த போக்சோ சட்டம் இந்த வாக்குறுதியின் ஒரு பகுதியை நிறைவேற்ற வந்ததுதான்.

அந்தச் சட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் தண்டனையைப் பற்றியே பேசுகிறார்கள். 2019-ல் தூக்கு சேர்க்கப்பட்டது எல்லாருக்கும் தெரியும். உங்களுக்குத் தேவையானவை 19, 21 ஆகிய பிரிவுகள். குற்றம் நடந்ததாகத் தெரிந்த எவரும், நடக்கக்கூடும் என்று அஞ்சும் எவரும், காவல் நிலையத்திலோ சிறப்புச் சிறார் காவல் பிரிவிலோ தெரிவித்தே ஆக வேண்டும். காவலர் அதை எழுத்தில் பதிந்து எண் இட வேண்டும். குழந்தைக்குப் பாதுகாப்புத் தேவை என்று கண்டால் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் ஏற்பாடு செய்ய வேண்டும். அதே கால அளவுக்குள், பாதுகாப்புத் தேவைப்படும் குழந்தைகளின் விஷயத்தை முடிவு செய்யும் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தகவல் போக வேண்டும். தெரிவிக்காதவருக்கும், வந்த தகவலைப் பதியாதவருக்கும் ஆறு மாதம் வரை சிறை. தன் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறையும் அபராதமும். உங்கள் தலைமையாசிரியரும் நிர்வாகச் செயலாளரும் வந்து நிற்கும் இடம் இதுதான். "பேசி முடித்துவிட்டோம்" என்பது சட்டத்தின் கண்ணில் சமாதானம் அல்ல, ஒப்புதல் வாக்குமூலம்.

இதைச் சிறு விஷயமாக நீதிமன்றங்கள் பார்ப்பதில்லை. மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்தில் பழங்குடிச் சிறுமிகள் தங்கிப் படித்த விடுதி ஒன்றில் பதினேழு பேர் பாதிக்கப்பட்டது தெரிய வந்தபோது, அவர்களுக்குச் சிகிச்சை அளித்துவந்த மருத்துவர் மீதும் தகவல் தெரிவிக்கவில்லை என்று வழக்குப் பதிவானது. உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2022 நவம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை உயிர்ப்பித்து, தெரிந்தும் தெரிவிக்காமல் இருப்பது கடுமையான குற்றம், பல சமயம் அது குற்றவாளியைக் காப்பாற்றும் முயற்சியே என்றது. இடையில் ஒன்று: கட்டாயமாகத் தெரிவிக்கும் இந்த விதியால், கர்ப்பமான வளரிளம் பெண்கள் மருத்துவமனைக்கே வர அஞ்சும் நிலையும் உண்டானது. அதனால்தான் அதே 2022 செப்டம்பரில், கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் அவள் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் அவள் அடையாளத்தைச் சொல்லாமலே மருத்துவர் தகவல் தரலாம் என்று உச்ச நீதிமன்றம் விளக்கியது. விதி நல்லதுதான், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு பிடிக்கக்கூடிய விதி அல்ல.

பதியாமல் விடுவது எவ்வளவு கேடு என்பதை ஒரு முறை அருகிலிருந்து பார்த்தேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய், மூன்றாக மடித்த புகார் மனுவோடு மகளை அழைத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனார். பள்ளியிலிருந்து நேராக வந்திருந்த சிறுமி, சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இன்ஸ்பெக்டர் பந்தோபஸ்துக்குப் போயிருப்பதாகச் சொல்லி, இரவு எட்டு மணிக்குக் கையில் புகார் வந்து சேர்ந்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கொடுத்து அனுப்பினார்கள். முதல் தகவல் அறிக்கை பதிவானது நான்கு நாள் கழித்து. குழந்தையின் வாக்குமூலத்தை வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ, கூடுமானவரை பெண் அதிகாரி, சீருடையில்லாமல் வந்து பெற வேண்டும் என்கிறது 24-வது பிரிவு. அதை அன்று யாரும் நினைக்கவே இல்லை. வழக்கு விசாரணைக்கு வந்ததும் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்து எடுத்துக்கொண்டது அந்த நான்கு நாளைத்தான். "நான்கு நாள் என்ன செய்தீர்கள்? யார் சொல்லிக்கொடுத்து எழுதிய புகார் இது?" தாமதம் செய்தது நிலையம், அதற்குக் கூண்டில் பதில் சொன்னது அந்தத் தாய். நல்லவேளையாக ரசீதை மஞ்சள் பையில் பத்திரமாக வைத்திருந்தார்; அதில் இருந்த தேதிதான் அவரைக் காப்பாற்றியது.

அரசின் கண்காணிப்புக் கடமை எப்படி நீதிமன்றத்துக்கு வந்தது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு கதை உண்டு. மாமல்லபுரத்தில் உள்ள அனாதை விடுதிகளில் குழந்தைகள் பாலியல் சுரண்டலுக்கு ஆளாவதாக 2007-ல் ஒரு நாளிதழில் வந்த கட்டுரையை இணைத்து ஒருவர் உச்ச நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினார். நீதிமன்றம் அதையே பொதுநல வழக்காக எடுத்துக்கொண்டது. பத்தாண்டு கழித்து, 2017 மே 5 அன்று நீதிபதி மதன் லோகூர் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. நாட்டின் எல்லாக் குழந்தைகள் இல்லங்களும் அந்த ஆண்டு முடிவதற்குள் பதிவு செய்யப்பட வேண்டும், ஆய்வுக் குழுக்கள் முறையாகச் செல்ல வேண்டும், ஒவ்வொரு குழந்தைக்கும் தனிப் பராமரிப்புத் திட்டம் இருக்க வேண்டும், சமூகத் தணிக்கை நடத்த வேண்டும் என்ற கட்டளைகள் அதில் வந்தன.

தணிக்கை என்றால் ஏட்டுச் சடங்கு என்று நினைப்பவர்களுக்கு அடுத்த ஆண்டே பதில் கிடைத்தது. பீகாரில் அரசு நிதியில் நடந்த காப்பகங்களை டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் குழு ஆய்வு செய்து கொடுத்த அறிக்கையிலிருந்துதான் முசாபர்பூர் காப்பகக் கொடுமை வெளிவந்தது. அந்தக் காப்பகம் மறைவில் நடந்த இடமல்ல. பணம் போட்டது அரசு, அதிகாரிகளும் வந்து போய்க்கொண்டிருந்தார்கள். 2020 ஜனவரியில் டெல்லி நீதிமன்றம் குற்றவாளிகள் எனத் தீர்மானித்த பத்தொன்பது பேரில், அந்த மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் தலைவராக இருந்தவரும் ஒருவர். குழந்தை தன் குறையைச் சொல்ல வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருந்தவரே அவர். ஆகவே ஆய்வுக்கு ஆள் வந்தாரா என்று மட்டும் கேட்டால் போதாது. வந்தவர் நிர்வாகியோடு காபி குடித்துவிட்டுப் போனாரா, குழந்தைகளோடு தனியாகப் பேசினாரா என்றும் கேட்க வேண்டும்.

சரி, அரசு மீது வழக்குப் போடலாமா என்ற இடத்துக்கு வருகிறேன். கடமை மீறப்பட்டதால் அடிப்படை உரிமை பறிபோனால், உயர் நீதிமன்றம் அரசமைப்பின் 226-வது பிரிவின்கீழ் நேரடியாக இழப்பீடு வழங்க முடியும். 1983-ல் ருதுல் ஷா வழக்கிலும் 1993-ல் நீலாவதி பெஹ்ரா வழக்கிலும் உச்ச நீதிமன்றம் போட்ட பாதை அது. இரண்டும் காவல், சிறை தொடர்பானவை. உங்களுக்கு அதிகம் உதவக்கூடியது 2000-ல் வந்த சந்திரிமா தாஸ் வழக்கு. ஹவுரா ரயில் நிலைய விடுதியில் வங்கதேசப் பெண் ஒருவரை ரயில்வே ஊழியர்கள் வல்லுறவு செய்தார்கள். அது தனிநபர்களின் குற்றம், அரசு பொறுப்பல்ல என்ற வாதத்தை ஒதுக்கி, பத்து லட்சம் ரூபாய் இழப்பீட்டை நீதிமன்றம் உறுதி செய்தது.

ஆனாலும் நிச்சயமாக வெல்லும் என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். உதவி பெறும் பள்ளியின் ஆசிரியர் அரசு ஊழியர் அல்ல, அரசிடமிருந்து சம்பளம் வாங்குபவர் என்ற வேறுபாட்டை அரசு வழக்கறிஞர் கட்டாயம் எழுப்புவார். அதனால் உங்கள் மனு, அவர் எங்கள் ஆள் அல்ல என்ற வாதத்தில் போய் மாட்டிக்கொள்ளாமல், அரசு தானே செய்ய வேண்டியதைச் செய்யவில்லை என்பதில் ஊன்றி நிற்க வேண்டும். 2020-ன் போக்சோ விதிகள், பள்ளி ஊழியர் ஒவ்வொருவருக்கும் குறிப்பிட்ட கால இடைவெளியில் காவல் சரிபார்ப்பு நடக்க வேண்டும் என்கின்றன. அது நடந்ததா? சட்டத்தின் 43-வது பிரிவு, இச்சட்டத்தைப் பெற்றோருக்கும் குழந்தைகளுக்கும் தெரியப்படுத்தும் கடமையை மத்திய, மாநில அரசுகள் மேல் வைத்திருக்கிறது. பள்ளிச் சுவரில் குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக்கல்வி உதவி எண் 14417 ஆகியவை எழுதப்பட்டிருந்தனவா? புகார்ப் பெட்டி இருந்ததா, இருந்தால் அதன் சாவி யாரிடம் இருந்தது? சாவி தலைமையாசிரியர் மேசை இழுப்பறையில் இருந்தால் அதுவும் டண்டெரோ பள்ளிதான். கடந்த ஐந்தாண்டு ஆய்வுக் குறிப்புகளையும் சரிபார்ப்புச் சான்றுகளையும் தகவல் உரிமைச் சட்டத்தில் மாவட்டக் கல்வி அலுவலகத்தில் கேளுங்கள். குழந்தையின் பெயரோ வழக்கு எண்ணோ அந்த மனுவில் வேண்டாம்.

பணத்தைப் பொறுத்தவரை உயர் நீதிமன்றத்துக்குக் காத்திருக்கத் தேவையில்லை. சிறப்பு நீதிமன்றமே இடைக்கால இழப்பீடு தரலாம். குற்றவாளி விடுதலையானாலும், ஆள் யாரென்றே தெரியாமல் போனாலும், குழந்தைக்குப் பாதிப்பு ஏற்பட்டதாக நீதிமன்றம் கருதினால் இறுதி இழப்பீடும் உண்டு. உத்தரவு கிடைத்த முப்பது நாளுக்குள் மாநில அரசு அதைத் தர வேண்டும் என்கிறது 9-வது விதி. குழந்தைகள் நலக் குழுவிடம் கேட்டு ஓர் ஆதரவு நபரையும் பெற்றுக்கொள்ளுங்கள். நீதிமன்றத் தேதிகளை நினைவூட்டவும் உங்கள் அக்கா மகளோடு கூட வரவும் ஒருவர் இருப்பது எத்தனை பெரிய உதவி என்பது இரண்டாவது வாய்தாவிலேயே தெரிந்துவிடும்.

தலைமையாசிரியர் மீதான குற்றத்தில் ஒரு முட்டுக்கட்டை வரக்கூடும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஓராண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களை ஓராண்டுக்குள் நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்க வேண்டும் என்ற காலவரம்பு குற்றவியல் நடைமுறையில் உண்டு. இரண்டு ஆண்டுக்கு முந்தைய மௌனம் என்பதால் இதை அவர்கள் எழுப்புவார்கள். பெரிய குற்றத்தோடு சேர்த்து விசாரிக்கப்படும்போது பெரிய குற்றத்தின் காலவரம்பே கணக்கு என்பதும், நீதியின் நலன் கருதித் தாமதத்தை நீதிமன்றம் பொறுத்துக்கொள்ளலாம் என்பதும் நம் பக்கத்தில் உள்ள பதில்கள். அதனால் தலைமையாசிரியர் மீது தனிப் புகார் கொடுத்து தனி வழக்காக ஓட விடாமல், இப்போது நடக்கும் விசாரணையிலேயே அவரையும் குற்றம் சாட்டப்பட்டவராகச் சேர்க்கும்படி விசாரணை அதிகாரிக்கு எழுத்தில் மனுக் கொடுங்கள், நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன், இரண்டு ஆண்டுக்கு முன்பு பள்ளிக்குப் போன அந்தத் தாயைப் போய்ப் பாருங்கள். காவல்துறைக்குத் தான் சொல்லவில்லையே, தன்னையும் வழக்கில் இழுப்பார்களோ என்ற பயம் அவருக்கு இருக்கும். அவர் போனது அந்தப் பள்ளியின் பொறுப்பாளரிடம். அவரைச் சாட்சியாக வைத்துக்கொள்வதுதான் வழக்குக்கு நல்லது என்பது விசாரணை அதிகாரிக்கும் தெரியும். இதை நீங்கள் சொல்வதைவிட ஒரு வழக்கறிஞரை உடன் அழைத்துப் போய்ச் சொல்ல வைப்பது நல்லது. அவருடைய மகளுக்கு என்ன நடந்தது என்று நீங்கள் கேட்க வேண்டாம், அதைக் கேட்க வேண்டியவர்கள் வேறு. அவர் பள்ளிக்குப் போனது எந்த மாதம், காலாண்டுத் தேர்வுக்கு முன்பா பின்பா, உடன் யார் போனார்கள், அறையில் யார் யார் இருந்தார்கள், அன்று இரவு அவர் யாருக்காவது போன் செய்து அதைச் சொன்னாரா என்பதை மட்டும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.